பால்டிமோரைத் தாண்டிப் போன லக்ரோஸ்

நுனியில் வலைப்பை கொண்ட மட்டையால் பந்தாடும் விளையாட்டு லக்ரோஸ். அமெரிக்கக் கல்லூரி லக்ரோஸில் ஓர் ஆட்டக்காரருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய விருதின் பெயர் டெவாராட்டன். 2012ஆம் ஆண்டு ஆண்கள் பிரிவில் அதை வென்ற பீட்டர் பாம், கோல்கேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். ஆனால் அவர் பள்ளியில் படித்ததும் ஆடக் கற்றதும் பசிபிக் கரையை ஒட்டிய ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில். அதுவரை இத்தகைய ஆட்டக்காரர்கள் கிழக்குக் கரையின் மேரிலாந்திலிருந்தோ நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்தோ வருவார்கள் என்பதே எழுதப்படாத விதியாக இருந்தது. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அவர் பள்ளியில் ஆடிய காலத்தில் ஓரிகனின் பள்ளி விளையாட்டுச் சங்கம் லக்ரோஸைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கவே இல்லை. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர், அந்த ஆட்டத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத ஒரு மாநிலத்திலிருந்து வந்தார்.

பள்ளி லக்ரோஸ் தன் பழைய கோட்டைகளைத் தாண்டிப் பரவிய விதத்தைப் புரிந்துகொள்ள இந்த முரணே நல்ல தொடக்கம். கால்பந்தைப் போலவோ கூடைப்பந்தைப் போலவோ லக்ரோஸ் தானாகப் பரவுவதில்லை. அதை ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள் எங்கெல்லாம் குடிபெயர்ந்தார்களோ அங்கெல்லாம் அது போயிற்று. அதிகாரபூர்வ அங்கீகாரம் பல ஆண்டுகள் கழித்துப் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

இதற்கான காரணம் ஆட்டத்தின் கருவியிலேயே இருக்கிறது. நீளமான கோல் ஒன்றின் நுனியில் சிறிய வலைப்பை. அந்தப் பையில்தான் கெட்டியான ரப்பர் பந்தைப் பிடிக்க வேண்டும், சுமந்துகொண்டு ஓட வேண்டும், எறியவும் வேண்டும். ஓடும்போது பந்து நழுவிவிடாமல் இருக்க, மணிக்கட்டையும் முழங்கையையும் முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரின் பொருள் தொட்டில் ஆட்டுவது என்பதுதான். பார்ப்பதற்கும் அப்படியேதான் இருக்கும். முதன்முறை மட்டையைக் கையில் வாங்கும் பிள்ளைக்குப் பத்தில் ஒரு பந்துகூடப் பையில் நிற்காது. வலையை எவ்வளவு தொய்வாகக் கட்டுவது, பந்து எந்தக் கயிற்றில் உரசி வெளியேற வேண்டும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க ஆள் வேண்டிய விஷயங்கள். அதன் பிறகு ஒரு செங்கல் சுவரின் முன் நின்று, வலது கையால் நூறு, இடது கையால் நூறு என்று மாதக்கணக்கில் அடித்துப் பிடித்துப் பழக வேண்டும். கூடைப்பந்தை ஒரு பையன் தெருவில் பார்த்தே கற்றுக்கொண்டுவிடலாம். லக்ரோஸுக்கு ஒரு மாமாவோ அண்ணனோ பக்கத்து வீட்டுக்காரரோ தேவைப்படுகிறார்.

அத்தகைய மாமாக்களும் அண்ணன்களும் நெருக்கமாக வாழ்ந்த இடங்களே நெடுங்காலம் இந்த ஆட்டத்தின் கோட்டைகளாக இருந்தன. மேரிலாந்தின் பால்டிமோர் நகரத்தில் தனியார் பள்ளிகள், லாங் ஐலண்டின் அரசுப் பள்ளிகள், சிரக்யூஸைச் சுற்றிய நியூயார்க் மாநிலத்தின் மேற்பகுதி, நியூ இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகள், பிலடெல்பியாவின் புறநகர்கள் என்று அந்த வரைபடத்தை ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். 1928, 1932 ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக லக்ரோஸ் நடந்தபோது அமெரிக்காவின் சார்பில் ஆடியது பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அணி. அமெரிக்கப் பெண்கள் லக்ரோஸ் வேரூன்றியதும் அதே நகரத்தில்தான்: 1926இல் ரோசபெல் சின்கிளேர், ஸ்காட்லாந்தில் தான் படித்த பள்ளியில் கற்ற ஆட்டத்தை பிரின் மார் பள்ளி மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். லாங் ஐலண்டில் மேன்ஹாசெட், கார்டன் சிட்டி ஆகிய பள்ளிகளுக்கு இடையிலான போட்டி 1930களிலிருந்து நடந்துவருகிறது. பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தில் பெரும்புகழ் பெற்ற ஜிம் பிரவுன் மேன்ஹாசெட் பள்ளியில் லக்ரோஸும் ஆடியவர். அவரது சிறந்த ஆட்டம் எது என்ற வாதம் லாங் ஐலண்டில் இன்றும் ஓயவில்லை.

ஆனால் இவற்றைப் ‘பாரம்பரியக் கோட்டைகள்’ என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டம் ஹோடெனோஷோனி மக்களுடையது. இரோகுவா என்று பிறர் அழைத்த ஆறு இனங்களின் கூட்டமைப்பு அது. படைத்தவனுக்காக ஆடப்படும் ஆட்டம், நோயுற்றவருக்கு நலம் வேண்டி ஆடப்படும் ஆட்டம் என்று அவர்கள் இதைச் சொல்வார்கள். 1867இல் மான்ட்ரியாலின் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் இதற்கு எழுத்து வடிவில் விதிகளை வகுத்தார். 1880இல் கனடாவின் தேசியச் சங்கம் அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே இடம் என்று அறிவித்தபோது, பயணச் செலவுக்காகப் பணம் பெற்று ஆடிவந்த பூர்வகுடி அணிகள் நடைமுறையில் வெளியே தள்ளப்பட்டன. தென்கிழக்கில் சாக்டா, செரோக்கி மக்கள் இரண்டு மட்டைகளால் ஆடும் தங்கள் சொந்த வடிவத்தை வைத்திருந்தார்கள். மிசிசிப்பியின் சாக்டா மக்கள் ஆண்டுதோறும் அதில் போட்டித் தொடர் நடத்துகிறார்கள். பெரிய ஏரிகளின் கரையில் ஒஜிப்வே, டகோட்டா, ஹோ-சங்க் மக்களிடம் மற்றொரு வடிவம் இருந்தது. விஸ்கான்சினில் உள்ள லா கிராஸ் நகரத்தின் பெயரே இந்த ஆட்டத்திலிருந்து வந்தது. ஆகவே மினசோட்டாவிலோ விஸ்கான்சினிலோ ஒரு பள்ளி புதிதாக அணி தொடங்கும்போது, ஆட்டம் முதன்முறையாக அந்த மண்ணுக்கு வருகிறது என்று எழுதுவது பிழை. நடுவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது பள்ளிகளின் பக்கம் வராமல் இருந்தது என்பதே சரி.

பரவலுக்கான முதல் தடை 1970இல் உடைந்தது. அதுவரை மட்டைகள் ஹிக்கரி மரத்தை ஆவியில் வளைத்துச் செய்யப்பட்டன. ஒரு மட்டை முழுமை பெற மாதங்கள் ஆகும். பையின் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் நரம்பு அல்லது தோல் என்பதால் இரு கைக்கும் ஒன்றுபோல் அமையாது. செய்பவர்களோ ஒனொண்டாகா போன்ற பூர்வகுடிப் பகுதிகளில் இருந்த சில குடும்பங்கள். அந்த ஆண்டில் பால்டிமோரின் எஸ்டிஎக்ஸ் நிறுவனம், இருபுறமும் சமமான சுவர் கொண்ட பிளாஸ்டிக் மட்டைத் தலைக்குக் காப்புரிமை பெற்றது. மட்டை இலேசானது; இரு கையாலும் ஆட முடிந்தது; எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆயிரக்கணக்கில் அச்சில் வார்த்து எந்த ஊருக்கும் பெட்டியில் அனுப்ப முடிந்தது. கைவினைஞர் இல்லாத ஊரிலும் லக்ரோஸ் ஆடலாம் என்ற நிலை வந்தது அப்போதுதான்.

பிறகு மனிதர்கள் நகர்ந்தார்கள். கொலராடோவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படைப் பயிற்சிக் கழகம், கிழக்கே அன்னாபொலிஸில் உள்ள கடற்படைக் கழகத்தையும் வெஸ்ட் பாயிண்டில் உள்ள தரைப்படைக் கழகத்தையும் போலவே லக்ரோஸ் அணி வைத்திருந்தது. கிழக்குக் கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்கள் பனிச்சறுக்குக்காக மலைகளுக்கு வந்து அங்கேயே தங்கிவிட, வேல் நகரில் 1970களிலிருந்தே கோடைகால லக்ரோஸ் போட்டி நடந்துவந்தது. இவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளி வயதை எட்டியபோது டென்வரின் புறநகர்களில் பயிற்சியாளருக்குப் பஞ்சமில்லை. நூற்றாண்டு திரும்பும் வேளையில் மாநிலப் பள்ளிச் சங்கமும் இதை ஏற்றுக்கொண்டது. பிரின்ஸ்டனுக்கு ஆறு தேசியப் பட்டங்கள் வாங்கித்தந்த பயிற்சியாளர் பில் டியர்னி 2009இல் டென்வர் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது பலர் புருவத்தை உயர்த்தினார்கள். 2015இல் டென்வர் அணி மேரிலாந்தை 10-5 என்று வீழ்த்தி, கிழக்கு நேர மண்டலத்துக்கு வெளியே பட்டம் வென்ற முதல் ஆண்கள் அணியானது. வெல்லப்பட்டது மேரிலாந்து என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது.

பெண்கள் ஆட்டத்தில் அந்த எல்லை பத்தாண்டு முன்பே தாண்டப்பட்டுவிட்டது. சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1990களின் தொடக்கத்தில் மூடிவிட்ட அணியை 2002இல் கெல்லி அமோன்டே ஹில்லரின் கீழ் மீண்டும் தொடங்கி, 2005 முதல் 2009 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் வென்றது. அணிக்கு ஆள் தேடிய அவர், வளாகத்தில் ஓடிக்கொண்டிருந்த, மட்டையையே தொட்டிராத இரட்டைச் சகோதரிகளைப் பார்த்து அழைத்துச் சேர்த்துக்கொண்டார் என்பது அந்த ஆட்டத்தின் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த கதை. நல்ல ஓட்டக்காரிக்கு ஆட்டத்தைக் கற்றுத்தர முடியும் என்பதை அந்த வெற்றிகள் காட்டிய பிறகு, இல்லினாய் பள்ளிகளில் பெண்கள் அணி தொடங்க வாதாடுவது எளிதாயிற்று.

பெண்கள் அணிகளின் பெருக்கத்துக்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்பிரிவான டைட்டில் 9, பெண்களுக்கும் சமமான விளையாட்டு வாய்ப்பைக் கோருகிறது. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே அறுபது எழுபது பையன்களை எடுத்துக்கொள்ளும் பள்ளியில், எதிர்த்தட்டில் வைக்க ஓர் அணி தேவைப்படுகிறது. லக்ரோஸ் ஒரே வீச்சில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்கு இடம் தருகிறது. மைதானமும் புதிதாகத் தேவையில்லை: இலையுதிர் காலத்தில் கால்பந்து நடக்கும் அதே திடலில், வசந்தத்தில் வேறு நிறத்தில் கோடு போட்டு, இரண்டு கோல் சட்டங்களை வைத்துவிட்டால் போதும். பள்ளி நிர்வாகிகளுக்கு இது மிகவும் பிடித்தமான கணக்கு.

ஆயினும் ஒரு மாநிலத்தில் லக்ரோஸ் நிலைபெற்றதா என்பதைத் தீர்மானிப்பது மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் அங்கீகாரம் என்றே கருதுகிறேன். அமெரிக்காவில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான உயர்நிலைப் பள்ளி விளையாட்டை ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனிச் சங்கம் நடத்துகிறது. அது ஒரு விளையாட்டைத் தன் பட்டியலில் சேர்க்கும்வரை, பள்ளியின் பெயரை மார்பில் போட்டுக்கொண்டு ஆடினாலும் அணி பெரும்பாலும் பெற்றோர் நடத்தும் கிளப்தான். பயிற்சியாளரின் சம்பளம், நடுவர் கட்டணம், காப்பீடு, திடல் வாடகை எல்லாம் அவர்கள் பையிலிருந்து போகும். வெளியூர் ஆட்டத்துக்குப் பிள்ளைகளைத் தங்கள் வண்டியிலேயே ஏற்றிச் செல்வார்கள். அங்கீகாரம் கிடைத்த அடுத்த ஆண்டே பள்ளிப் பேருந்து வருகிறது, பயிற்சியாளருக்குப் பள்ளி ஊதியம் தருகிறது, மாநிலப் பட்டத்துக்கான ஆட்டம் பெரிய அரங்கில் நடக்கிறது.

இந்த வரிசையில் மிச்சிகன் 2005இல் வந்தது. மினசோட்டா பெண்களுக்கு முதலிலும் ஆண்களுக்கு 2007இலும் மாநிலப் போட்டி தொடங்கியது. குளிர்காலம் முழுவதும் பனி ஹாக்கி ஆடும் பிள்ளைகள் நிறைந்த அந்த மாநிலத்தில், பனி உருகியதும் அதே கைப்பழக்கத்தோடு லக்ரோஸுக்கு மாறுவது இயல்பாக நடந்தது. ஒஹையோவில் 2017, இல்லினாயில் 2018. யூட்டாவின் கதை சற்று வருத்தமானது: பல ஆண்டுகள் கிளப்பாக இருந்த ஆட்டம் 2020 வசந்தத்தில் முதன்முறையாகப் பள்ளி விளையாட்டாகத் தொடங்கியது, சில வாரங்களில் பெருந்தொற்று வந்து பருவத்தையே மூடிவிட்டது. கிளப்பில் ஆடி, அங்கீகாரத்துக்காகக் காத்திருந்து, இறுதியாண்டில் அதைப் பெற்ற மாணவர்கள் மாநிலப் பட்டத்துக்காக ஆடாமலே பள்ளியை விட்டார்கள்.

புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது இந்த அங்கீகாரத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது. தேசியப் பள்ளிச் சங்கக் கூட்டமைப்பின் கணக்குப்படி 2018-19 கல்வியாண்டில் லக்ரோஸ் ஆடிய பள்ளி மாணவ மாணவியர் 2 லட்சத்துக்கும் மேல். அதில் பையன்கள் ஏறத்தாழ 1.13 லட்சம், பெண்கள் ஏறத்தாழ 1 லட்சம். மாநிலச் சங்கங்கள் அனுப்பும் எண்களே இந்தக் கணக்கின் அடிப்படை என்பதால், அங்கீகாரம் இல்லாத மாநிலங்களின் கிளப் பிள்ளைகள் பெரும்பாலும் இதில் வருவதில்லை. ஒரு மாநிலம் அங்கீகாரம் தந்த ஆண்டில் எண்ணிக்கை துள்ளி எழுவதைப் பார்த்து ‘அதிவேக வளர்ச்சி’ என்று தலைப்பிடுகிறார்கள். முந்தின ஆண்டும் அதே பிள்ளைகள் அதே திடலில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்கு ஒன்றும் சொல்ல வேண்டும்: அதே ஆண்டில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய பையன்கள் 10 லட்சம், கூடைப்பந்து ஆடியவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். வளர்ந்த பின்னும் லக்ரோஸ் சிறிய விளையாட்டுதான்.

அந்தச் சிறிய விளையாட்டு எங்கே பரவியது என்பதை மாநில அளவில் பார்த்தால் நாடு முழுக்க நிரம்பியதுபோல் தோன்றும்; பள்ளிகளின் அளவில் பார்த்தால் காட்சி மாறிவிடும். ஒஹையோவில் கொலம்பஸின் புறநகர்களான அப்பர் ஆர்லிங்டன், டப்ளின். டெக்சாஸில் டாலஸின் ஹைலண்ட் பார்க். கலிபோர்னியாவில் சான் டியாகோவின் வடக்கே கடலோரப் பள்ளிகள். வீட்டு விலை உயர்ந்த, கல்லூரி படித்த பெற்றோர் நிறைந்த இடங்கள் இவை. பையன் ஒருவனுக்கு மட்டை, தலைக்கவசம், தோள்கவசம், கைக்கவசம், கையுறை எல்லாம் வாங்க வேண்டும். நெஞ்சில் பந்து பட்டு இதயத் துடிப்பு நின்றுபோகும் அரிதான விபத்தைத் தடுக்கும் புதிய தரத்திலான மார்புக்கவசம் 2022 முதல் பையன்களுக்குக் கட்டாயம். இதோடு நிற்பதும் இல்லை. கோடையில் தனியார் கிளப்பில் சேர்த்து, கல்லூரிப் பயிற்சியாளர்கள் வந்து பார்க்கும் போட்டிகளுக்கு மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிச் செல்லும் செலவு, கவசங்களின் விலையைச் சிறிதாக்கிவிடும்.

இவ்வளவு செலவழிப்பவர்கள் கல்லூரி உதவித்தொகைக்காகச் செய்கிறார்கள் என்று எண்ணினால் கணக்கு உதைக்கும். 2025 வரை இருந்த விதிப்படி, கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான முதல் பிரிவில் ஆடும் ஆண்கள் அணி ஒன்று, 12.6 முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகையை மட்டுமே தர முடிந்தது; அதை நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளோ விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதே இல்லை. பெற்றோர் தேடுவது பணத்தைவிட அனுமதியை: மதிப்பெண்ணால் மட்டும் திறக்காத கல்லூரிக் கதவைப் பயிற்சியாளரின் பரிந்துரை திறந்துவிடக்கூடும் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கை ஒரு கட்டத்தில் எல்லை மீறி, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கல்லூரிகள் வாய்மொழி உறுதி வாங்கத் தொடங்கின. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் பயிற்சியாளர்கள் மாணவர்களைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று 2017இல் விதி வந்த பிறகே அது அடங்கியது. அந்த விதியால் பயன்பெற்றவர்கள் புதிய மாநிலங்களின் பிள்ளைகள் என்பது என் கணிப்பு. பன்னிரண்டு வயதில் முதன்முதலாக மட்டை பிடித்தவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் காட்ட என்ன இருந்திருக்கும்?

பூகோளம் விரிந்த அளவுக்கு இந்த ஆட்டத்தின் சமூக வட்டம் விரியவில்லை. அதை விரிக்கும் முயற்சிகள் உண்டு. நியூயார்க்கின் ஹார்லெமில் ஓர் அரசுப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பறையில் தொடங்கி மற்ற நகரங்களுக்கும் போன ஹார்லெம் லக்ரோஸ் அமைப்பு, பயிற்சியாளரையே நாள் முழுவதும் பள்ளியில் அமர்த்தி, பாடத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரே ஆளைப் பொறுப்பாக்குகிறது. ஆட்டம் தெரிந்த மாமா இல்லாத ஊரில் அந்த மாமாவுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைக்கும் ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். மேலே சொன்ன தடையை நேராகத் தாக்குவது இதுதான். மட்டைகளை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும் திட்டங்களைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

தொழில்முறை ஆட்டமும் புதிய வரைபடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. லக்ரோஸ் ஆட்டக்காரர் பால் ரபில் தன் சகோதரருடன் தொடங்கி 2019இல் முதல் பருவத்தை நடத்திய பிரீமியர் லக்ரோஸ் லீக், ஊர் ஊராகச் சுற்றி ஆடிய எட்டு அணிகளுக்கு 2024இல் சொந்த ஊர்களை ஒதுக்கியபோது, பாஸ்டன், நியூயார்க், மேரிலாந்து, பிலடெல்பியாவோடு டென்வர், யூட்டா, கலிபோர்னியா, கரோலினாவும் பட்டியலில் இருந்தன. சரிபாதி.

அடுத்து வருவது ஒலிம்பிக். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிகளுக்குக் கிரிக்கெட்டைச் சேர்த்த செய்தி நம் பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் வந்தது; அதே தீர்மானத்தில் லக்ரோஸும் இருந்ததை அதிகம் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். 1908க்குப் பிறகு பதக்கத்துக்காக அது ஆடப்படுவது இதுவே முதல் முறை. ஆடப்போவது பக்கத்துக்கு ஆறு பேர், சிறிய திடல், எட்டு நிமிடக் காற்பகுதிகள் என்ற சுருக்க வடிவம். லக்ரோஸைக் கண்டுபிடித்த ஹோடெனோஷோனி மக்கள் உலகப் போட்டிகளில் சொந்தக் கொடியின் கீழ் ஆடுகிறார்கள். அவர்களுக்குத் தேசிய ஒலிம்பிக் குழு இல்லாததால் ஒலிம்பிக்கில் அந்த உரிமை இன்னும் கிடைக்கவில்லை.

பள்ளிகளுக்கு இந்த ஆறு பேர் வடிவம் பதக்கத்தைவிட முக்கியமானதாக அமையலாம். சிற்றூர்ப் பள்ளிகளில் லக்ரோஸ் தொடங்க முடியாததற்கு ஆர்வக்குறைவைவிட ஆள்குறைவே காரணம்: ஆண்கள் ஆட்டத்தில் களத்தில் பத்துப் பேர், மாற்று ஆட்டக்காரர்களோடு இருபதுக்கும் மேல், அதே வசந்தத்தில் பேஸ்பாலும் தடகளமும் அதே பிள்ளைகளை இழுக்கின்றன. டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை நிர்வகிக்கும் மாநில லீக் இன்றளவும் லக்ரோஸைச் சேர்க்கவில்லை. ஆடும் பள்ளிகள் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோவின் சுற்றுவட்டாரங்களில் குவிந்திருக்க, இடையில் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு ஓர் அணிகூட இல்லாதபோது மாநிலப் போட்டி என்று எதை நடத்துவது என்பது அவர்கள் தரப்பு நியாயம். எனவே பிப்ரவரி மாலைகளில் டாலஸின் புறநகர்த் திடல்களில் பெற்றோரே விளக்குக் கட்டணம் கட்டி, கோல் சட்டங்களை வண்டியிலிருந்து இறக்கி வைத்து, ஆட்டம் முடிந்ததும் வலைகளைச் சுருட்டி மீண்டும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.